வேலை முடிஞ்ச பிறகும் விடாத வேலை: மதுரைப் பக்கத்து அனுபவங்கள்

வடபழஞ்சி ஐ.டி.
ராத்திரி ஆபீஸ்லருந்து வர்ற மெசேஜுக்குப் பேசாம இருந்தா 'திமிரு'ம்பாங்க. தினமும் ஒரே மாதிரி பதில் போடுறதுதான் வேலைக்காகுது. "சார், பாத்துட்டேன். காலைல 9.30-க்கு எடுத்து 11 மணிக்குள்ள அனுப்பிடுறேன்." பாத்தாச்சு, எப்ப தொடங்கும், எப்ப கைக்கு வரும், மூணும் அதுல இருக்கணும். மூணாவதை விட்டா பத்து நிமிஷத்துல "எப்ப தம்பி?"னு போன் வந்துரும். சொன்ன 11 மணியை ஒரு தடவை தவறவிட்டா மறுநாள் அந்த வரியை யாரும் நம்ப மாட்டாங்க.

வாட்ஸ்அப்புல நீல டிக்கை ஆஃப் பண்ணாலும் குரூப்புக்கு அது செல்லாது, நீங்க படிச்சது தெரிஞ்சிரும். குரூப்பைத் திறக்காம இருக்கிறதுதான் வழி. மியூட் போட்டு ஆர்க்கைவ்ல தள்ளிருங்க. ஆண்ட்ராய்டு 'டூ நாட் டிஸ்டர்ப்'ல 'ரிப்பீட் காலர்ஸ்' ஆன் பண்ணி வச்சா, 15 நிமிஷத்துக்குள்ள ஒரே ஆள் ரெண்டாவது தடவை கூப்பிட்டாத்தான் மணி அடிக்கும். "உண்மையிலேயே அவசரம்னா ரெண்டு தடவை அடிங்க சார்"னு முன்னாடியே சொல்லிரணும். சொல்லாம வச்சா அடுத்த போன் வீட்டு நம்பருக்குப் போகும்.

காளவாசல்
அமெரிக்க கிளையண்ட் உள்ளவங்க இதையும் சேத்துக்கங்க. நியூயார்க் காலை 10 மணி மீட்டிங் கோடையில நமக்கு ராத்திரி 7.30. நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமை அவங்க கடிகாரத்தைப் பின்னாடி தள்ளுறாங்க, அன்னைலருந்து அது 8.30. மார்ச் ரெண்டாவது ஞாயிறு வரைக்கும் அப்படித்தான். அந்த ஒரு மணி நேரத்தை யாரும் கேட்டு வாங்குறதில்ல, தானாப் போயிருது. அக்டோபர்லயே "நவம்பர்லருந்து மீட்டிங்கை உங்க 9 மணிக்கு மாத்தலாமா?"னு மெயில் போட்டா பெரும்பாலும் ஒத்துக்குவாங்க. நவம்பர்ல போய்க் கேட்டா புலம்பல் மாதிரி தெரியும்.

தெற்கு மாசி வீதி
ஐ.டி. கதையாவே போகுதே, ஜவுளிக்கடையில நிக்கிற பிள்ளைகளுக்கு? தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் 1947-ன்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஓவர்டைம் சேத்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக் கூடாது, அதுக்கு ரெட்டைச் சம்பளம். நாலு மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கணும்னா நடுவுல ஒரு மணி நேரம் ஓய்வு விடணும். மாசச் சம்பளம் 12,000-ன்னு வைங்க. 26 வேலை நாளால வகுத்து, திரும்ப 8 மணி நேரத்தால வகுத்தா மணிக்கு 57 ரூபா சொச்சம், ரெட்டிப்பா 115. தீபாவளி நெருங்கையில வந்த நேரம், போன நேரம் ரெண்டையும் சின்ன நோட்டுல அன்னன்னைக்கே எழுதணும். மாசக் கடைசியில உக்காந்து மொத்தமா எழுதுன நோட்டு பாத்தாலே தெரியும், ஒரே மை, ஒரே சாய்வு.

கடையில வேலை பாக்குறவங்க உக்காரும் உரிமை தமிழ்நாட்டுல 2021-லயே சட்டமாயிருச்சு. ஸ்டூல் வாங்கிப் போட்டு அதைக் குடோன்ல வச்சா யாரு உக்காருவா? கவுண்ட்டருக்கு உள்பக்கம், ரேக்குக்குக் கை எட்டுற தூரத்துல இருக்கணும். ரெண்டு பேர் இருந்தா ஒருத்தர் உக்கார ஒருத்தர் நிக்கன்னு முறை வச்சுட்டா சூப்பர்வைசருக்கும் குறை சொல்ல வழியில்ல. இதைத் தனியாப் போய்க் கேக்காதீங்க, நாலஞ்சு பேரா கேளுங்க.

சிம்மக்கல்
முதலாளியே சொந்தக்காரரா இருக்கிற இடத்துல சட்டம் பேசுனா சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் வரும். அங்க 'முடியாது'ங்கிற வார்த்தையே வேணாம். "அண்ணே, ஜி.எஸ்.டி. பில்லும் இருக்கு, இந்த ஸ்டாக் கணக்கும் இருக்கு. எதை இன்னைக்கு முடிக்க, எதை நாளைக்கு வைக்க?" முடிவை அவரே சொல்லட்டும். ரெண்டும் இன்னைக்கேன்னா "அப்ப கணேசனை, முருகனை, யாரையாச்சும் ஒரு ஆள் கூடப் போடுங்க"ன்னு கேளுங்க.

கோரிப்பாளையம்
அழகர் ஆத்துல இறங்குற அன்னைக்கு ஆட்சியர் விடுற உள்ளூர் விடுமுறை அரசு ஆபீசுக்கும் பள்ளி கல்லூரிக்கும்தான். பேங்க் திறந்திருக்கும், தனியார் கம்பெனியையும் அது கட்டுப்படுத்தாது. இது தெரியாம வருஷா வருஷம் சண்டை. ஆனா தனியார் வேலைக்கும் செல்லுற 1958-ஆம் வருஷத் தமிழ்நாடு விடுமுறைச் சட்டத்துல ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போக இன்னும் அஞ்சு நாள் சம்பளத்தோட லீவு உண்டு. அந்த அஞ்சு எதுன்னு கம்பெனி பட்டியல் போடுறப்பவே நம்ம ஆளுங்க அழகர் நாளைச் சேக்கச் சொல்லணும். பட்டியல் முடிவானப்புறம் சித்திரையில கேட்டா, கேஷுவல் லீவுலதான் கழியும்.