கீவளூர் ஆத்தா பிள்ளைகள்: சரசு வீட்டு விஷயம்

செல்வி: நாளைக்குக் காலைல 10 மணிக்கு டிரஸ்ட்காரங்க சரசு அக்காவுக்கு வீடு கட்டித் தர மனைய அளக்க வர்றாங்க. பட்டா ஒரிஜினல், ஆத்தா இறப்புச் சான்று, வாரிசு சான்று வேணுமாம். பட்டா யார்ட்ட இருக்கு?

குமார் திருப்பூர்: அண்ணன்ட்ட

முருகேசன்: என்கிட்டதான். வீடு யார் பேர்ல?

செல்வி: அக்கா பேர்ல

முருகேசன்: அது ஆத்தா மனை. நாலு பேருக்கும் பங்கு இருக்கு

குமார் திருப்பூர்: ஆரம்பிச்சாச்சு

வாணி: சித்தி நேத்து மழைக்கு எங்க படுத்தீங்க? போனே எடுக்கல

சரசு: பள்ளிக்கூடத்துல. சார்ஜ் இல்லடி

செல்வி: கஜா புயல்ல போன கீத்துண்ணே. 2018லேர்ந்து தார்பாய்தான்

மாணிக்கம் மாமா: முருகேசா, கோவப்படாம படி. வெண்மணில 1968 டிசம்பர் 25 ராத்திரி 44 பேர ஒரே குடிசைல வச்சு எரிச்சாங்க. அதுக்கப்புறந்தான் காந்தி வழில வந்த கிருஷ்ணம்மாள் அம்மாவும் அவங்க வீட்டுக்காரர் ஜெகந்நாதன் ஐயாவும் இந்தப் பக்கமே வந்து தங்குனாங்க. 1981ல நெலமில்லாதவங்களுக்கு நெலம் வாங்கித் தர லாப்டிங்குற அமைப்ப ஆரம்பிச்சாங்க. மிராசுதாருங்ககிட்ட பேசி, பேங்க் கடன் வாங்கி நெலத்த வாங்குனாங்க. எழுதுனது பூரா பொம்பளைங்க பேர்ல. ஏன்னு உனக்கே தெரியும், உங்கப்பா சாராயக் கடைல எதெல்லாம் அடகு வச்சாருன்னு நீ பார்த்தவன். உங்க ஆத்தாவுக்கு நெலம் வந்தது அப்படித்தான். அதுல வெளஞ்சத வித்து வாங்குனதுதான் இந்த மனை. 2008ல மாற்று நோபல்னு சொல்ற ரைட் லைவ்லிஹுட் விருது வாங்குன பிறகும் கிருஷ்ணம்மாள் அம்மா சொல்லிக்கிட்டே இருந்தது ஒண்ணுதான், மண் குடிசையெல்லாம் கல் வீடாகணும்னு. அதனால வீடு சரசு பேர்லதான் வரணும். நீங்க மூணு பேரும் உங்க பங்க விட்டுக்குடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுங்க.

வாணி: 🙏🙏

குமார் திருப்பூர்: நான் கையெழுத்து போடுறேன். லீவு மட்டும் சொல்லணும்

ராஜா: கலைஞர் கனவு இல்லம்ல 3.5 லட்சம் தர்றாங்களே, 360 சதுர அடி. அதுல போட்டா என்ன

செல்வி: அதுக்கும் பட்டா வேணும்டா

ராஜா: ஓ

வாணி: மாமா, வெள்ளிக்கிழமை நாகூர் கல்யாணத்துக்கு வேன் எத்தன மணிக்கு?

மாணிக்கம் மாமா: 5 மணி. செல்வி வீட்டு வாசல்

குமார் திருப்பூர்: பிரியாணியா சாப்பாடா

முருகேசன்: சரசு கல்யாணக் கடன நான் ஒருத்தன்தான் அடைச்சேன். அத யாரும் பேச மாட்டீங்க

சரசு: நான் மறக்கலண்ணே. கட்டுனா தெக்கால அறை உனக்குத்தான். எப்ப வந்தாலும்

முருகேசன்: அறை எனக்கு எதுக்கு

செல்வி: அப்ப பட்டா?

முருகேசன்: பீரோல இருக்கு. சாவி உங்க அண்ணிட்ட

அண்ணி: எங்கிட்ட ஏது? நீங்கதான் பைக் சாவியோட மாட்டிக்கிட்டு அலையுறீங்க

செல்வி: அண்ணே 10 மணிக்கு வந்துருவாங்க

மாணிக்கம் மாமா: இறப்புச் சான்று என்கிட்ட. வாரிசு சான்றுல குமார் பேர்ல எழுத்துப் பிழை இருக்கு, விஏஓவ பாக்கணும்

குமார் திருப்பூர்: என்ன பிழை?

சரசு: அளக்குறப்ப முருங்கைய வெட்டச் சொல்லுவாங்களா? காய் நெறைய பிடிச்சிருக்கு

வாணி: சித்தி எனக்கு நாலு காய்

செல்வி: முருகேசண்ணே?