அலுமினிய டிரெய்லரா, ஸ்டீல் டிரெய்லரா? ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும்

கரைவலை | வியாழன் இரவு 10.48
வணக்கம். படகு வாங்கியாகிவிட்டது, டிரெய்லர் இல்லை. மெல்பர்னிலேயே இரண்டு டிரெய்லர்கள் கிடைக்கின்றன, இரண்டும் பழையவை. ஒன்று அலுமினியம், மற்றது ஸ்டீல். அலுமினியத்துக்கு 1,400 டாலர் கூடுதலாகக் கேட்கிறார்கள். எது நல்லது? ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் இரண்டும் வேறு கைக்குப் போய்விடும். தெரிந்தவர்கள் உடனே சொல்லவும்.

ஜீலாங் அக்கா | வியாழன் இரவு 11.05
தம்பி, படகு எத்தனை மீட்டர்? ஃபைபரா, அலுமினியமா? எந்தக் காரில் இழுக்கப்போகிறீர்கள்? கடலா, ஏரியா? மாப்பிள்ளை யாரென்று சொல்லாமல் பெண் பார்க்கச் சொல்கிறீர்களே.

வல்வை வள்ளம் | வியாழன் இரவு 11.19
அலுமினியம். துருப்பிடிக்காது, பாரம் குறைவு. யோசிக்க ஒன்றுமில்லை. என்னுடைய ஸ்டீல் டிரெய்லர் ஆறாவது வருடம் குறுக்குச் சட்டத்தில் ஓட்டை விழுந்து, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. மனைவிதான் முதலில் கண்டார். இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

பட்டறைக்காரன் | வெள்ளி காலை 6.02
வல்வை ஐயா, உங்கள் டிரெய்லர் சுடுமுழுக்கு கால்வனைசிங் செய்ததா, வெறும் பெயின்டா? அதைச் சொல்லாமல் ஸ்டீல் மேல் பழி போடக்கூடாது. சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகத் தொட்டியில் சட்டத்தை முழுதாக முக்கி எடுத்தால் உள்ளும் புறமும் பூச்சு ஏறும். 3 முதல் 6 மில்லிமீட்டர் கனமுள்ள ஸ்டீலுக்கு இங்குள்ள தரவிதிப்படி பூச்சின் கனம் சராசரி 70 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்), ஸ்டீல் அதற்கு மேல் கனமென்றால் 85. கீறல் விழுந்தாலும் பக்கத்திலிருக்கும் துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். டப்பாவில் விற்கும் வெள்ளி நிற ஸ்பிரே அந்த வேலையைச் செய்யாது. பூச்சுக்குப் பிறகு ட்ரில் போட்ட ஓட்டைகளில்தான் துரு முதலில் தலைகாட்டும், அங்கே பாருங்கள்.

அலுமினிய டிரெய்லர் என்கிறோமே, அதில் அலுமினியம் எவ்வளவு என்று கீழே குனிந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஆக்ஸில் இரும்பு. ஸ்பிரிங் இரும்பு. சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஹப், கவ்விப் பிடிக்கும் பிரேக் காலிப்பர், காரோடு மாட்டும் கப்ளிங் எல்லாம் இரும்பு. முதலில் அழுகுவதும் அவைதான். மேலே இருக்கும் சட்டம் மட்டும் பளபளவென்று இருக்கும்.

நங்கூரம் (மூத்த உறுப்பினர்) | வெள்ளி காலை 7.40
இந்தக் கேள்வி ஒவ்வொரு செப்டம்பரிலும் வந்துவிடும். ஸ்னாப்பர் மீன் காலம் நெருங்கும்போதுதான் எல்லோருக்கும் டிரெய்லர் நினைவு வருகிறது. மேலே வலது மூலையில் தேடல் பெட்டி ஒன்று இருக்கிறது, அழகுக்காக வைக்கவில்லை. எடை சொல்லாமல், கார் சொல்லாமல், படம் போடாமல் “எது நல்லது” என்று கேட்பவருக்கு என்னிடம் ஒரே பதில்தான் உண்டு: பக்கத்து வீட்டுக்காரரின் டிரெய்லர்.

ஜீலாங் அக்கா | வெள்ளி காலை 7.58
நங்கூரம் ஐயா, நீங்களும் ஒரு காலத்தில் “கியர் எண்ணெய் பால் போல வெளுத்திருக்கிறது, எதனால்?” என்று படம் போடாமல் கேட்டவர்தான். எனக்கு நினைவிருக்கிறது.

நங்கூரம் | வெள்ளி காலை 8.03
அது வேறு.

வல்வை வள்ளம் | வெள்ளி காலை 9.30
பட்டறைக்காரரே, என்னுடையதும் ஈயம் பூசியதுதான். விற்றவர் அப்படித்தான் சொன்னார்.

வேதியியல் வாத்தியார் | வெள்ளி காலை 10.11
ஈயம் அல்ல. ஈயம் வேறு, வெள்ளீயம் வேறு, துத்தநாகம் வேறு. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதை ஈயம் என்கிறோம், உண்மையில் அது வெள்ளீயம். தகரக் கூரை என்கிறோம், அதில் இருப்பது தகரமே இல்லை, துத்தநாகம் பூசிய இரும்பு. நம் பேச்சு வழக்கு உலோகங்களிடம் அவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டதில்லை.

வல்வை வள்ளம் | வெள்ளி காலை 10.20
எங்கள் ஊர்ப் பள்ளிப் புத்தகத்தில் அது நாகம். துத்தநாகம் என்று ஒருவரும் படித்ததில்லை.

வேதியியல் வாத்தியார் | வெள்ளி காலை 10.26
நாகம் என்றால் எங்கள் ஊரில் படமெடுக்கும்.

பட்டறைக்காரன் | வெள்ளி காலை 10.41
படமெடுக்கட்டும், தீண்டாமல் இருந்தால் சரி. வாத்தியார் ஐயா, “ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை” என்ற பழமொழி இந்த இழைக்கே எழுதியது போலிருக்கிறது. உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகம் ஒட்டி நின்றால் ஒன்று இளிக்கும், மற்றது கரையும். அலுமினியச் சட்டத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டை நேரடியாக முடுக்கியிருந்தால் கரைவது அலுமினியம்தான். போல்ட்டைச் சுற்றி மாவு உதிர்வது போல வெள்ளைப் பொடி தெரியும். நடுவில் நைலான் வாஷரோ, டூராலாக் மாதிரிப் பசையோ இருக்க வேண்டும். பழைய டிரெய்லர் பார்க்கப் போகிறவர் இந்தப் பொடியைத் தேடட்டும்.

வேதியியல் வாத்தியார் | வெள்ளி காலை 10.55
பழமொழியின் அறிவியல் சரிதான். ஈயமும் பித்தளையும் உப்புநீரில் சேர்ந்தால் கரைவது ஈயம். ஆகவே பித்தளை இளித்ததில் நியாயம் இருக்கிறது.

நங்கூரம் | வெள்ளி காலை 11.00
அற்புதம். கேள்வி கேட்டவர் எங்கே?

கட்டுமரம் | வெள்ளி மதியம் 1.15
தொடர்பில்லாமல் ஒன்று. நாகப்பட்டினத்தில் என் தாத்தா மரத்தைக் கட்டு அவிழ்த்து, ஒவ்வொரு தடியாக மணல்மேட்டுக்குக் கொண்டுபோய்க் காயவைப்பார். டிரெய்லரும் இல்லை, துருவும் இல்லை, பதிவுக் கட்டணமும் இல்லை. சரி, நடத்துங்கள்.

கரைவலை | வெள்ளி மாலை 6.37
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. படகு 5.2 மீட்டர் ஃபைபர். 115 குதிரைத்திறன் எஞ்சின். கார் நடுத்தர எஸ்யூவி, பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் 1,500 கிலோ இழுக்கலாம் என்று கையேட்டில் இருக்கிறது. அப்படியானால் அலுமினியமா?

எண்கணக்கன் | வெள்ளி இரவு 7.22
இப்போதுதான் விஷயத்துக்கு வந்திருக்கிறோம். உலோகத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள், கணக்கைப் போடுவோம். 5.2 மீட்டர் ஃபைபர் படகின் வெற்று உடல் சுமார் 700 கிலோ என்று வைத்துக்கொள்கிறேன், உங்கள் படகின் தாளில் சரியான எண் இருக்கும். நான்கு ஸ்ட்ரோக் 115 எஞ்சின் 170 கிலோ அளவில். பெட்ரோல் 90 லிட்டர் நிரப்பினால் 67 கிலோ. பேட்டரி, நங்கூரம், சங்கிலி, ஐஸ் பெட்டி, தூண்டில்கள், உயிர்காப்பு அங்கிகள், மனைவி கட்டித் தரும் புளியோதரை எல்லாம் சேர்த்து 100. ஆக 1,037 கிலோ. இதற்கு மேல் டிரெய்லரின் சொந்த எடை. இரண்டு டிரெய்லரிலும் ஒரு தகடு அடித்திருக்கும், அதில் ஏ.டி.எம். என்று ஓர் எண் இருக்கும். பணம் எடுக்கும் இயந்திரம் இல்லை. காரிலிருந்து கழற்றி நிறுத்திய டிரெய்லர், படகும் சாமானும் உட்பட, மொத்தம் எவ்வளவு எடை இருக்கலாம் என்ற உச்ச வரம்பு. அந்த எண்ணையும் வெறும் எடையையும் பார்த்து எழுதுங்கள்.

ஜீலாங் அக்கா | வெள்ளி இரவு 7.45
பிரேக்கையும் கேளுங்கள் தம்பி. சக்கரங்களில் விழும் எடை 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் கட்டாயம். 2,000 வரை, டிரெய்லர் காரை முட்டும்போது தானே பிடிக்கும் ஓவர்ரைடு பிரேக் போதும். அதற்கு மேல் என்றால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக், காருக்குள்ளிருந்து இயக்கும் வசதி, அறுந்துகொண்டால் தானாகப் பிடிக்கும் ஏற்பாடு என்று செலவு எங்கோ போய்விடும். நீங்கள் நடு வகுப்பு.

வல்வை வள்ளம் | வெள்ளி இரவு 8.10
எடை என்று வந்துவிட்டால் அலுமினியம்தானே. ஸ்டீலின் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்குதான்.

பட்டறைக்காரன் | வெள்ளி இரவு 8.31
விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான் ஐயா. அதனால்தான் அலுமினியச் சட்டத்தின் பீம் அவ்வளவு உயரமாக இருக்கிறது. கூட்டிக் கழித்தால் சட்டத்தில் மிச்சமாகும் எடை நீங்கள் நினைப்பதில் பாதி. இன்னொன்று: ஸ்டீலுக்கு, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே எத்தனை முறை அசைத்தாலும் களைக்காத ஓர் எல்லை உண்டு. அலுமினியத்துக்கு அப்படி ஒன்று கிடையாது, சிறிய அசைவும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். வெல்டிங் செய்த இடத்தைச் சுற்றி வலுவும் குறைந்துவிடும். நல்ல அலுமினிய டிரெய்லர்களை வெல்டு வைக்காமல் போல்ட் போட்டுச் சேர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். குறுக்குச் சட்டங்களின் முனைகளில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வெல்டு வைத்து “ரிப்பேர்” செய்த அடையாளம் தெரிந்தால் டீ மட்டும் குடித்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

நங்கூரம் | வெள்ளி இரவு 9.02
எதை வாங்கினாலும் கடலிலிருந்து ஏற்றியவுடன் நன்னீரால் கழுவாதவருக்கு இரண்டும் ஒன்றுதான். பெட்டிச் சட்டமென்றால் உள்ளேயும் குழாயை விட்டுக் கழுவ வேண்டும். உப்பு உள்ளே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கும். திறந்த சி வடிவச் சட்டமென்றால் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். மெல்பர்னில் கழுவாமல் நிறுத்திவிட்டு மழை கழுவும் என்று நம்புகிறவர்கள் பலர். பெயர் சொல்ல விரும்பவில்லை.

வல்வை வள்ளம் | வெள்ளி இரவு 9.06
சொல்லிவிட்டீர்கள்.

கரைவலை | சனி காலை 8.14
கடலா என்று எல்லோரும் கேட்பது புரிகிறது. நான் போவது பெரும்பாலும் எய்ல்டன் ஏரி. காட், ரெட்ஃபின் மீன் பிடிக்க. கடலில் இறக்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.

ஜீலாங் அக்கா | சனி காலை 8.20
ஏரியா!

வேதியியல் வாத்தியார் | சனி காலை 8.26
இருபது பதிவுகள். உப்பு, உப்பு, உப்பு. கேள்வி கேட்டவர் நன்னீரில் மீன் பிடிக்கிறார்.

பட்டறைக்காரன் | சனி காலை 8.50
நன்னீர் மட்டும் என்றால், ஒழுங்காக கால்வனைஸ் செய்த ஸ்டீலுக்கு உங்கள் வாழ்நாள் முழுதும் ஆபத்தில்லை. துருவுக்காக 1,400 டாலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். எடைக்காகக் கொடுப்பதா என்பதை எண்கணக்கர் சொல்லட்டும். ஆனால் எய்ல்டனுக்கு எந்த வழியாகப் போகிறீர்கள்? ஹீல்ஸ்வில் தாண்டி பிளாக் ஸ்பர் வளைவுகளில் ஏறி இறங்குவதானால் பிரேக்கை இரண்டு முறை பாருங்கள். அந்த இறக்கத்தில் ஓவர்ரைடு பிரேக் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வரும். காலிப்பர் இறுகிப்போயிருந்தால் ஹப் கொதிக்கும். கொதிக்கும் ஹப்பை அப்படியே ஏரியில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பேரிங் போய்விட்டது என்பது திரும்பி வரும் வழியில்தான் தெரியும், அதுவும் இருட்டில், போன் எடுக்காத இடத்தில். எனக்கு அப்படித்தான் தெரிந்தது. போனவுடன் இறக்காமல் கொஞ்ச நேரம் ஆறவிடுங்கள். விளக்கு ஒயரையும் கழற்றிவிட்டு இறக்குங்கள்.

வல்வை வள்ளம் | சனி காலை 9.15
ஆறவிடுவதெல்லாம் பழைய காலம். ஸ்பிரிங் வைத்த பேரிங் மூடி மாட்டி கிரீஸ் அடித்தால் தண்ணீர் உள்ளே போகாது.

பட்டறைக்காரன் | சனி காலை 9.22
முன்பக்கம் மூடி. பின்பக்க சீல் தேய்ந்திருந்தால்? கிரீஸை அளவுக்கு மீறி அடித்து அந்தச் சீலைத் தள்ளிவிட்டு, டயரெல்லாம் கிரீஸ் வடிய வருகிறவர்கள்தான் என் பட்டறையில் பாதிப்பேர்.

(இதன் பின் கிரீஸ் பற்றி நடந்த பதினொரு பதிவுகள் “பேரிங் பராமரிப்பு” இழைக்கு மாற்றப்பட்டுள்ளன.)

கரைவலை | சனி மதியம் 2.05
இரண்டையும் பார்த்துவிட்டு வந்தேன். ஸ்டீல்: வெறும் எடை 420, ஏ.டி.எம். 1,400. அலுமினியம்: வெறும் எடை 300, ஏ.டி.எம். 1,600. ஸ்டீல் பார்க்கப் புதிது போல இருக்கிறது. மனம் அதில்தான் நிற்கிறது. அலுமினியத்தில் வெள்ளைப் பொடி இரண்டு போல்ட்டில் மட்டும். விரிசல் தெரியவில்லை. கை பிரேக்கை விட்டபின்னும் ஒரு சக்கரம் சுற்ற மறுக்கிறது.

எண்கணக்கன் | சனி மதியம் 2.31
மனத்தை நகர்த்துங்கள். 1,037 + 420 = 1,457. ஸ்டீல் டிரெய்லரின் வரம்பு 1,400. படகை ஏற்றிப் பெட்ரோல் நிரப்பிய அன்றே 57 கிலோ கூடுதல், அதாவது சட்டப்படி தவறு. விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் பார்ப்பது அந்தத் தகட்டைத்தான். அலுமினியத்தில் 1,337. தகட்டில் 263 மிச்சம், ஆனால் உங்கள் காரின் வரம்பு 1,500 என்பதால் உண்மையான மிச்சம் 163. அந்த ஸ்டீல் டிரெய்லர் கெட்டது என்று சொல்லவில்லை, உங்கள் படகுக்குச் சின்னது. அதே எடையில் 1,600 தகடு அடித்த ஸ்டீல் டிரெய்லர் கிடைத்திருந்தாலும், காரின் வரம்புக்கு 43 கிலோதான் மிஞ்சும். ஐஸ் பெட்டி ஒன்று நிரம்பினால் அதுவும் தீர்ந்துவிடும்.

வல்வை வள்ளம் | சனி மதியம் 2.40
வியாழன் இரவு 11.19க்கே நான் சொன்னேன்.

பட்டறைக்காரன் | சனி மதியம் 2.52
நீங்கள் சொன்ன காரணம் வேறு ஐயா. சரி, இருக்கட்டும். கரைவலை, சுற்றாத சக்கரத்தில் காலிப்பர் இறுகியிருக்கிறது. இரண்டு சக்கரத்துக் காலிப்பரையும் மாற்றும் செலவைக் கேட்டு விலையில் குறையுங்கள். அந்த இரண்டு போல்ட்டையும் கழற்றிச் சுத்தம் செய்து, இடையில் நைலான் வைத்து மாட்டுங்கள். வாங்கிய பிறகு படகோடு பொது எடைமேடையில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். நாம் போட்டது காகிதக் கணக்கு.

நங்கூரம் | சனி மதியம் 3.10
தகட்டைப் பார்க்கச் சொல்லி நான் எழுதிய இழை நிலைப்பதிவாக மேலேயே இருக்கிறது. ஒருவரும் படிப்பதில்லை.

ஜீலாங் அக்கா | திங்கள் இரவு 8.00
தம்பி, வாங்கிவிட்டீர்களா?

ஜீலாங் அக்கா | மறு வியாழன் இரவு 9.12
தம்பி?

கட்டுமரம் | மறு வெள்ளி காலை 7.05
ஏரியில் இருப்பார்.

கரைவலை | மூன்று வாரங்களுக்குப் பின், ஞாயிறு இரவு 9.40
எல்லோருக்கும் நன்றி. அலுமினியம் வாங்கினேன். காலிப்பருக்காக 350 குறைத்துக்கொண்டார். எடைமேடையில் 1,362 வந்தது. எய்ல்டனில் இரண்டு ரெட்ஃபின். அடுத்த மாதம் வெஸ்டர்ன் போர்ட்டில் ஸ்னாப்பருக்குப் போகலாம் என்று நண்பர்கள் அழைக்கிறார்கள், போவதாக இருக்கிறேன். இன்னொரு சந்தேகம்: படகை டிரெய்லர் மேல் இழுக்கும் வின்சுக்குப் பட்டை நல்லதா, கம்பி வடம் நல்லதா? கொஞ்சம் அவசரம்.

பட்டறைக்காரன் | ஞாயிறு இரவு 9.44
வெஸ்டர்ன் போர்ட் கடல்.

நங்கூரம் | ஞாயிறு இரவு 9.51
எந்த வின்ச்? எத்தனை கிலோ? படம் எங்கே?