பி.ஆர்க் முடித்து டிவி தொகுப்பாளர் ஆவது: சேலத்தில் இருந்துகொண்டே எப்படித் தொடங்குவது?

அஸ்தம்பட்டி_ஆர்க்
பி.ஆர்க் (கட்டடக்கலைப் பட்டப்படிப்பு) 9வது செமஸ்டர். வீடு, கட்டடம் பற்றிய நிகழ்ச்சிகளைத் தொகுத்து வழங்கும் வேலைக்குப் போகும் எண்ணம். படிப்பு முடிந்ததும் நேரே சென்னைக்குப் போய் சேனல்களில் முயற்சி செய்யலாமா, ஆர்க்கிடெக்சர் கவுன்சில் பதிவும் ஆபீஸ் அனுபவமும் முதலில் வேண்டுமா? திரையில் 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ளத் தடை ஏதும் உண்டா? சேனலுக்குக் காட்டும் மாதிரி வீடியோவை (ஷோரீல்) போனிலேயே ஏற்காட்டில் எடுத்தால் எடுபடுமா?

பதிவெண்
1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்தின் 37வது பிரிவு காப்பது 'ஆர்க்கிடெக்ட்' என்ற பட்டப்பெயரை மட்டும்தான். 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. ஆக, ஒரு வீட்டைச் சுற்றிக்காட்டிப் பேசப் பதிவு வேண்டாம். பெயருக்குக் கீழே 'ஆர்க்கிடெக்ட்' என்று வந்தால் வேண்டும். நீங்கள் கேட்காவிட்டாலும் கிராஃபிக்ஸ் பிரிவில் அப்படிப் போட்டுவிடுவார்கள். பதிவு வரும்வரை 'கட்டடக்கலைப் பட்டதாரி' என்று எழுதியே கொடுத்துவிடுங்கள்.

பலரும் கவனிக்காதது ஆர்க்கிடெக்ட்களுக்கான 1989 தொழில் நடத்தை விதிகள். பதிவு செய்த நாளிலிருந்து இவை உங்களைக் கட்டும். தொழிலை விளம்பரப்படுத்தக் கூடாது என்பது பொது விதி. சில விலக்குகள் உண்டு. சொந்த வேலையின் படமும் விளக்கமும் ஊடகத்தில் வரலாம், ஆனால் அதற்காகப் பணம் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. நீங்கள் டிசைன் செய்த கட்டடத்தில் போட்ட டைல்ஸின் விளம்பரத்தில் உங்கள் பெயர் அடக்கமாக வரலாம். அதற்கும் காசு வாங்கக் கூடாது. (ஆபீஸ் வாசலில் பெயர் எழுத்தின் உயரம் 10 செ.மீ. தாண்டக் கூடாது என்றுகூட இருக்கிறது. எத்தனை போர்டு தேறும் என்று தெருவில் போகும்போது பாருங்கள்.)

உள்ளூர் சேனலில் காசு கட்டி அரை மணி ஸ்லாட் வாங்கி ஓட்டும் நிகழ்ச்சிகளில்தான் ஆபத்து. அதில் உங்கள் சொந்த பிராஜெக்ட்டைக் காட்டினால் விதி மீறல். மற்றவர் வீட்டைக் காட்டித் தொகுப்பாளர் சம்பளம் வாங்குவது வேறு கணக்கு. ஒப்பந்தத்தில் அதைப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

லேப்பல்மைக்
போன் தாராளமாகப் போதும். இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், முதல் 10 வினாடிக்குள் உங்கள் முகமும் குரலும் வந்துவிட வேண்டும். ட்ரோன் ஷாட்டில் தொடங்கினால் பார்ப்பவர் தள்ளிவிடுவார்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். போனை வினாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 வினாடி என்று கையால் வையுங்கள். 30 ஃப்ரேம் ஆட்டோவில் விட்டால் டியூப்லைட்டுக்கடியில் பட்டை பட்டையாக ஓடும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள், முகம் கருத்துப்போகும். போனின் 0.5 லென்ஸில் (அகலக் கோண லென்ஸ்) அறை பெரிதாகத் தெரியும், ஓரத்தில் நிற்கும் உங்கள் முகம் இழுபடும்.

காலி வீட்டில் எதிரொலிதான் பெரிய தொல்லை. கேமரா பார்க்காத சுவரோரம் இரண்டு மெத்தையைச் சாய்த்து, மைக்கைத் தாடைக்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். ஏற்காட்டுக் காற்றுக்கு ஸ்பாஞ்ச் உறை தாங்காது, முடி வைத்த உறை வேண்டும். பனிமூட்டம் இறங்கினால் முன்னும் பின்னும் எடுத்த ஷாட்கள் ஒட்டாது. கேமராவைப் பார்த்துப் பேசுவதை எல்லாம் ஒரே மூச்சில் முடித்துவிட்டு நுணுக்க ஷாட்டுகளுக்குப் போங்கள். ஃபோகஸைப் பூட்டி வையுங்கள், மூட்டத்தில் அது அலைபாயும்.

பேச ஒரே விஷயம் எடுங்கள். மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீடு கிடைத்தால் நல்லது: தேக்குக் கட்டைகள்மேல் சின்னச் செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, மூலைவாட்டாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிய கூரை. ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையைப் பிடித்து நிற்பதால் அடியில் சென்டரிங் (தாங்கும் பலகை) தேவைப்படவில்லை. கெடுவது பெரும்பாலும் கட்டை சுவருக்குள் நுழையும் முனை; ஈரம் தங்கி இற்றுப்போகும். இதை 40 வினாடியில், விரலால் தொட்டுக் காட்டிச் சொல்லிப் பாருங்கள். 'ஸ்பேஷியல் குவாலிட்டி' மாதிரி, கல்லூரி ஜூரி முன்னால் பேசும் பேச்சு வந்தால் வெட்டுங்கள்.

பழைய சினிமா ஸ்டூடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு முன்னால் நின்று தொடங்குவதை ஊரே செய்துவிட்டது, விட்டுவிடுங்கள்.

அஸ்தம்பட்டி_ஆர்க்
இருவருக்கும் நன்றி. ஆபீஸ் அனுபவம் பற்றி யாராவது சொல்லுங்களேன்.

சைட்_சூப்பர்வைசர்
இரண்டு, மூன்று வருடம் சைட் பாருங்கள். பட்டம் கட்டாயம் என்பதற்காகச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 1999 முதல் 'கிராண்ட் டிசைன்ஸ்' என்ற வீடு கட்டும் டிவி நிகழ்ச்சியை நடத்தும் கெவின் மெக்ளவுட் ஆர்க்கிடெக்ட்டே அல்ல, நாடக மேடை வடிவமைப்பிலிருந்து வந்தவர். அயர்லாந்தில் இதே மாதிரி நிகழ்ச்சி நடத்தும் டெர்மட் பேனன் ஆர்க்கிடெக்ட். வீட்டுக்காரரோடு பட்ஜெட்டுக்காக மல்லுக்கட்டுவதுதான் அவர் நிகழ்ச்சியின் சுவையே. அந்தச் சண்டையை நடத்த விலை தெரிய வேண்டும், மேஸ்திரி எங்கே மழுப்புகிறார் என்று தெரிய வேண்டும். அது கல்லூரி டிசைன் வகுப்பில் வராது.

சென்னைக்குப் போனாலும் முதல் கதவு பெரும்பாலும் ஆய்வு உதவியாளர் வேலைதான்: வீடு தேடுவது, உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குவது, பிளான் படித்து எங்கே கேமரா நிற்கும் என்று சொல்வது. பிளான் படிக்கத் தெரிந்தவர் அந்த டீமில் அபூர்வம், அதைச் சொல்லியே உள்ளே நுழையலாம்.

ஏற்காட்டில் எடுப்பதாக இருந்தால் இரண்டு விஷயம். வனப்பகுதியில் கேமராவோ ட்ரோனோ எடுக்க வனத்துறை அனுமதி தனி. 250 கிராமுக்கு உட்பட்ட ட்ரோன் என்றாலும் எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டே ஏற்றுங்கள். இன்னொன்று, அது மலையில் கட்டடம் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வரும் இடம். சரிவில் நிற்கும் ஒரு வீட்டைக் காட்டி 'நீங்களும் இப்படிக் கட்டலாம்' என்று வாய்தவறிச் சொன்னால், அனுமதி விவரம் கேட்டு வரும் கமெண்டுக்கு பதில் சொல்லி மாளாது.