பழைய கேசட்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்தணும், எந்த சவுண்ட் கார்டு வாங்கலாம்?

சேரம்பாடி_மலர்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்ல 23 கேசட் இருக்கு. எங்க அப்பாயி பாடின தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்து எடுக்கையில பாடுற பாட்டு எல்லாம் அப்பா 1986லேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாப் பதிஞ்சு வச்சது. அப்பாயி இலங்கையில ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துல பிறந்து வளர்ந்தவங்க. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் தலைமன்னார்ல கப்பலேறி, மண்டபம் முகாம்ல இருந்து, கடைசியா இங்க டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டம்) லைன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாங்க. அவங்க தவறிப் போயி பதினொரு வருசம் ஆச்சு. அந்தப் பாட்டு தெரிஞ்சவங்க இப்போ லைன்ல யாருமே இல்ல, நாடாவுல மட்டும்தான் இருக்கு. போன ஆடி மழையில ரெண்டு கேசட்ல வெள்ளையாப் பூசணம் பிடிச்சிடுச்சு. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

அப்பாவோட ஒத்தை ஸ்பீக்கர் டூ-இன்-ஒன் (ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த செட்டு) இன்னும் ஓடுது. அதோட இயர்போன் ஓட்டையிலேர்ந்து ஒயர் எடுத்து, சிபியு முன்பக்கம் இருக்கிற மைக் ஓட்டையில சொருகி ஆடாசிட்டிங்கற பதிவு சாஃப்ட்வேர்ல பதிஞ்சேன். குரல் கரகரன்னு உடையுது. இழுத்துப் பாடுற இடமெல்லாம் தேய்ஞ்சு போயிடுது, "ஆராரோ"ன்னு நீட்டினா "ஆரா"வோட நின்னுடுது. அடியில 'ம்ம்ம்'னு ஒரு இரைச்சல் வேற.

கூடலூர்ல ஒரு கடையில கேட்டேன். 7.1, 192 கிலோஹெர்ட்ஸ்னு அட்டையில போட்ட கேமிங் கார்டைக் காட்டி, இதுக்கு மேல ஒண்ணும் இல்லைங்கறாங்க. கையில 5,000 ரூபா இருக்கு. பாட்டு கெடாம ஏறணும், அது போதும். எதை வாங்கட்டும்?

குன்னூர்_ரேடியோ:
தங்கச்சி, காசை அப்படியே வைங்கம்மா. கார்டே தேவைப்படாமப் போகலாம்.

நீங்க சொருகினது மைக் ஓட்டை. மைக்லேர்ந்து வர்றது சில மில்லிவோல்ட்தான், அதைப் பெருக்குறதுக்குன்னே அந்த ஓட்டைக்குப் பின்னாடி ஒரு ஆம்ப் இருக்கு. அதுல இயர்போன் சிக்னலை விட்டா உடையத்தான் செய்யும். சிபியுவைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்க. ரோஸ், பச்சை, நீலம்னு மூணு ஓட்டை இருக்கும். நீலம்தான் லைன்-இன், வேற செட்லேர்ந்து வர்ற சத்தத்தை உள்ள வாங்குற வழி. டூ-இன்-ஒன் வால்யூமைக் கால்வாசி வச்சு அதுல சொருகுங்க. ஆடாசிட்டி மீட்டர் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாமப் பார்த்துக்கங்க.

இழுக்கிற இடம் தேயுறது கேசட் கோளாறு இல்ல. விண்டோஸ் சவுண்ட் செட்டிங்குல என்ஹான்ஸ்மென்ட்னு இருக்கும். அதுல நாய்ஸ் சப்ரஷன் (இரைச்சலைக் குறைக்கிறது) ஓடுச்சுன்னா, ஒரே சுருதியில நீளமா வர்ற குரலை ஃபேன் சத்தம்னு எடுத்துக்கிட்டு வழிச்சுப் போட்டுடும். அங்க உள்ள டிக் அத்தனையும் எடுத்துடுங்க. தாலாட்டையும் ஒப்பாரியையும் இது தின்னுடும், சினிமா வசனத்துக்கு ஒண்ணும் ஆகாது.

'ம்ம்ம்'ங்கறது கரண்டு இரைச்சல். பழைய செட்டுக்குள்ள கண்டன்சர் காய்ஞ்சிருக்கும். பிளக்கைப் பிடுங்கிட்டுப் பெரிய செல் போட்டு ஓட்டுங்க, பெரும்பாலும் நின்னுடும்.

அந்த 7.1 எட்டு ஸ்பீக்கருக்குச் சத்தத்தை வெளிய அனுப்புற கணக்கு. உங்களுக்கு வேணுங்கறது உள்ள வர்ற வழி. சாதா கேசட்ல பாட்டுக்கும் நாடா இரைச்சலுக்கும் நடுவுல 50, 60 டெசிபெல்தான் கிடைக்கும். 16 பிட் பதிவே 96 டெசிபெல் வரைக்கும் தாங்கும். மோனோ (ஒத்தைச் சேனல்), 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்ல வேவ் ஃபைலாப் பதிஞ்சா ஒரு மணி நேரத்துக்கு 320 எம்பி கிட்ட வரும். பதியும்போதே எம்பி3 ஆக்கிடாதீங்க.

கொடை_பாடகர்குழு:
நான் இங்க கோயில் பாடல்குழுவைப் பதியுறவன். அண்ணன் சொன்னபடியே முதல்ல செய்யுங்க. நீல ஓட்டை இல்லைன்னாலோ, மவுஸ் அசைக்கும்போதெல்லாம் பதிவுல கீச்சுன்னு சத்தம் வந்தாலோ மட்டும் வாங்குங்க. அப்பவும் சிபியுவுக்கு வெளிய வைக்கிற யூஎஸ்பி சவுண்ட் கார்டு டப்பாதான் என் சாய்ஸ். பெரிங்கர் யூசிஏ202னு ஒண்ணு, சிவப்பும் வெள்ளையுமா ஆர்சிஏ (பழைய டிவிடி செட்டுல இருக்கிற மாதிரி பிளக்) உள்வழி இருக்கு, 16 பிட் 48 கிலோஹெர்ட்ஸ். உங்க வேலைக்கு அதுவே தாராளம். பென்டிரைவ் மாதிரி சின்னக் குச்சி ஒண்ணு விக்கிறாங்க, அதுல உள்ளது மைக் ஓட்டைதான், வேண்டாம். செகண்ட் ஹேண்ட்ல கார்டு வாங்கினா அது உக்காருற ஸ்லாட் பழைய பிசிஐயா, பிசிஐ எக்ஸ்பிரஸான்னு பாருங்க. பழசு இப்போ உள்ள போர்டுல உக்காராது.

சேரம்பாடி_மலர்:
அண்ணா, நீல ஓட்டை இருந்துச்சு! தூசி அடைச்சுக் கிடந்ததைப் பிரஷ்ஷால துடைச்சேன். செல் போட்டதும் அந்த 'ம்ம்ம்' சுத்தமா இல்ல. முதல்ல இடது பக்கம் மட்டும் கேட்டுச்சு, மோனோவுக்கு மாத்தினதும் சரியாயிடுச்சு.

நேத்து ராத்திரி மூணு கேசட் முடிச்சேன். "ஆராரோ" கடைசி வரைக்கும் வருது. அது இறங்கி முடியுற இடத்துல அப்பாயி மூச்சு வாங்குறது கேக்குது. அதுக்கு அடியில லைன் வீட்டுத் தகரத்துல மழை. ஒரு இடத்துல அப்பா தொண்டையைக் கனைச்சுட்டு, "இன்னொருக்காப் பாடும்மா"ங்கறார். இத்தனை வருசத்துல அதை நான் கேட்டதே இல்ல. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், ஒண்ணும் பேசாம திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்.

பூசணம் பிடிச்ச ரெண்டையும் இதே மாதிரி ஏத்திடலாமா?

குன்னூர்_ரேடியோ:
கண்டிப்பா வேண்டாம்மா. அது ஹெட்டுல (நாடாவைப் படிக்கிற பாகம்) ஒட்டும், அடுத்தடுத்து போடுற கேசட்டுக்கும் போயிடும். நாடாவும் அறுந்துடும். நல்லா இருக்கிற இருபத்தொண்ணையும் முதல்ல முடிங்க. ஒவ்வொண்ணு முடிஞ்சதும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல பஞ்சு நனைச்சு ஹெட்டைத் துடைங்க. அந்த ரெண்டையும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட தனி டப்பாவுல வைங்க, மத்த கேசட் பக்கத்துல வேண்டாம். கேசட் கூடு பிரிக்கிற மாதிரி இருந்தா நாடாவை எடுத்து வேற கூட்டுல மாத்திக்கலாம், நானே செய்து தர்றேன். மூலையில ஸ்க்ரூ இருக்கா, ஒட்டினதான்னு பார்த்துச் சொல்லுங்க.

சேரம்பாடி_மலர்:
ரெண்டுலயும் அஞ்சு ஸ்க்ரூ இருக்கு அண்ணா. ஞாயித்துக்கிழமை அப்பாவோட பஸ்ல எடுத்துட்டு வர்றேன்.