மறு: பசுமைவழியா, பசுந்தடமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு மனு தயாரிக்கிறோம். கண்மாய்க்கரை மேல், நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் மட்டும், மரநிழலோடு ஒரு பாதை வேண்டும். அது பள்ளிக்கூடத்தையும் சந்தையையும் தொட்டுக்கொண்டு போக வேண்டும். இதைத்தான் ஆங்கிலத்தில் ‘கிரீன்வே’ என்கிறார்கள். தமிழில் என்ன எழுதுவது என்று முதல் வரியிலேயே நின்றுவிட்டேன்.

இதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் மடற்குழுவில் ஏற்கெனவே சில சொற்கள் வந்திருக்கின்றன. முந்தைய மடலில் ஐயா ஒருவர் சொன்ன ‘பசுமைவழி’ நேரான மொழிபெயர்ப்புதான். ஸ்பெயினிலும் ‘வியா வெர்தே’, அதாவது பச்சை வழி என்றே சொல்கிறார்கள். ஆனால் நம் பக்கம் அந்தச் சொல் ஏற்கெனவே வேறு கைக்குப் போய்விட்டது. சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்கு 2018இல் புழங்கிய பெயர் ‘பசுமைவழிச் சாலை’. நிலம் போகுமே என்று விவசாயிகள் கொதித்தார்கள். சென்னையில் அமைச்சர்கள் குடியிருக்கும் சாலைக்கும் அதே பெயர். இந்தச் சொல்லை மனுவில் போட்டால், கண்மாய்க்கரையில் லாரி வரப்போகிறது என்றுதான் கண்மாய்த் தண்ணீரில் பயிர்செய்யும் ஆயக்கட்டுக்காரர் நினைப்பார். மோட்டார் வண்டி வராது என்பதே இதன் உயிர். அதற்கு நேர்மாறான பொருள் ஏறிவிட்ட சொல் நமக்கு வேண்டாம்.

குழுவில் ஓர் அக்கா சொன்ன ‘பசும்பாதை’ காதுக்கு இனிமை. ஆனால் ‘பசும்பால்’ பழகிய காதில் மாடுதான் முதலில் வரும். ‘நடைப்பயிற்சிப் பாதை’ என்றால் பூங்காவைச் சுற்றிச் சுற்றி வருவது. நாங்கள் கேட்பது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்ச் சேரும் வழி.

என் முன்மொழிவு: பசுந்தடம்.

பசுந்தாள் உரம், பசுந்தீவனம் என்று உழவர் வாயில் அன்றாடம் புழங்கும் புணர்ச்சி இது. அங்கே யாருக்கும் மாடு குறுக்கே வருவதில்லை. ‘தடம்’ இன்னும் பொருத்தம். காலடியும் தடம் பதிக்கும், மிதிவண்டிச் சக்கரமும் பதிக்கும். வண்டித்தடம் கிராமத்துச் சொல். யானை வழித்தடம் என்னும்போது துண்டுபட்ட காடுகளை இணைக்கும் பொருளும் இருக்கிறது. கண்மாயையும் ஊருணியையும் தொடுத்துக்கொண்டு போகிற பாதைக்கு அந்தப் பொருளும் வேண்டும். அப்புறம், ஒட்டுகளும் எளிதாக வருகின்றன: பசுந்தடத் திட்டம், கண்மாய்க்கரைப் பசுந்தடம், ரயில்வழிப் பசுந்தடம்.

கடைசிச் சொல்லுக்குக் காரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் பிரிஸ்டல்–பாத் நகரங்களுக்கு இடையே, ரயில் நின்றுபோன வழித்தடத்தில் 1979 முதல் 1986 வரை கட்டம் கட்டமாக 21 கிலோமீட்டர் பாதை போட்டார்கள். ஸ்பெயினில் 1993இல் தொடங்கிய திட்டமும் கைவிட்ட ரயில் பாதைகளைத்தான் எடுத்துக்கொண்டது. ரயில் செங்குத்தாக ஏறாது. அதனால் அந்தப் பாதைகளில் ஏற்றமே தெரியாது. வயதானவரும் சக்கர நாற்காலிக்காரரும் போகலாம். நம் ஊரில் அதே வேலையை முன்னோர் தண்ணீருக்காகச் செய்து வைத்திருக்கிறார்கள். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் மெல்லச் சரிந்துதான் ஓடும், அதன் கரையும் அப்படியே. செட்டிநாட்டில் கண்மாய்க்கும் ஊருணிக்கும் பஞ்சமில்லை. கரையில் சீமைக்கருவேலத்தை வெட்டிவிட்டு மருதும் புங்கனும் வைத்தால் போதும்.

தேவை எவ்வளவு என்பதற்கு ஒன்று சொல்கிறேன். காலை எட்டரைக்கு எங்கள் தெருமுனையில் நின்றால், அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியில் பிளஸ் ஒன் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பை ஆடும். பின்னால் பஸ் ஹாரன் கேட்டதும் அத்தனை சக்கரமும் தார் விளிம்பைவிட்டுச் செம்மண்ணில் இறங்கும், சரளை தெறிக்கும். ஒரு காலை ஊன்றி நின்று, பஸ் போனபிறகு மறுபடி ஏறுவார்கள். பள்ளிக்கூடம் போவதற்குள் இப்படி நாலைந்து தடவை. போன மழைக்காலத்தில் என் அண்ணன் மகள் அப்படி இறங்கும்போது வழுக்கி விழுந்து, முழங்கையில் தையல் போட வேண்டியதாயிற்று. மறுவாரத்திலிருந்து ஆட்டோதான், மாதச் செலவு வேறு.

வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கென்று நேரம் ஒதுக்கினால் பத்து நாளில் நின்றுவிடும். சந்தைக்கு நடந்து போய்வருவதிலேயே அது கணக்காகிவிட்டால் நிற்காது. நடக்கத் தெரியாத ஊரா இது? தைப்பூசத்துக்குப் பழனிவரை காவடியோடு நடப்பவர்கள், அரை கிலோமீட்டரில் இருக்கும் கடைக்கு ஸ்கூட்டரை எடுக்கிறார்கள் என்றால் குறை காலில் இல்லை.

நேற்று மனு வரைவை அப்பத்தாவிடம் வாசித்துக் காட்டினேன். ‘பசுந்தடம்’ என்றதும், “புல்லு மொளச்ச தடமாப்பா, கார் வராதுல்ல?” என்றார்கள். விளக்கம் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி. பசுந்தடம் ஒரு சாலையைக் குறுக்கே கடக்கும் இடத்தில், வண்டிகள் நின்று நடப்பவருக்கு வழிவிட வேண்டும். அந்த இடத்துக்குத் ‘தடக்கடவு’ என்று எழுதியிருக்கிறேன். ‘லெவல் கிராசிங்’ என்பதை ரயில்வே கடவு என்று சொல்லிப் பழகியதால் வந்தது. மாற்று இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை மனு கொடுக்கிறோம்.