களிமண் கொல்லையில் கோழி அடைப்பு: ஐப்பசி மழையில் சேற்றைத் தடுப்பது எப்படி?

கேள்வி (திருத்துறைப்பூண்டி வட்டாரம்)

வணக்கம். எங்கள் கொல்லையில் பதினைந்து நாட்டுக்கோழிகளுக்காக 20 அடிக்கு 12 அடி அளவில் கம்பிவலை அடைப்பு ஒன்று இருக்கிறது. அதையொட்டி 12 அடிக்கு 8 அடி தகரக் கொட்டகை உள்ளது. அதன் கூரைச் சரிவு அடைப்பை நோக்கியே இறங்குகிறது. நிலம் நல்ல களிமண். வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் கோழிகளின் விரல்களுக்கிடையே சேறு உருண்டை உருண்டையாகக் காய்ந்து ஒட்டிக்கொள்கிறது. அடையிலுள்ள முட்டைகளும் அழுக்காகின்றன. உமி கொட்டினால் மிதந்து போகிறது அல்லது சேற்றோடு கலந்து நாறுகிறது. உறிஞ்சுகுழி தோண்டலாமா, சிமெண்ட் தளம் போட்டுவிடலாமா என்று யோசிக்கிறோம். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1 (மன்னார்குடி)

வணக்கம், அம்மா. சேற்றின் மேல் எதைக் கொட்டலாம் என்பதற்கு முன்னால், அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர் தண்ணீர். உங்கள் கொட்டகைக் கூரை ஏறத்தாழ 9 சதுர மீட்டர் வரும். ஆகவே 10 சென்டிமீட்டர் மழை கொட்டும் நாளில், வானத்திலிருந்து நேராக விழுவது போக, 900 லிட்டர் கூடுதலாக அடைப்புக்குள் இறங்குகிறது. 6 அங்குல பிவிசி குழாயை நெடுக்காகப் பிளந்து கூரை ஓரத்தில் கட்டி, அந்த நீரை வாய்க்காலுக்கோ வாழைக்கோ திருப்பிவிடுவதுதான் முதல் வேலை.

உறிஞ்சுகுழி நம் பகுதிக்கு உதவாது. களிமண் தண்ணீரை மெதுவாகத்தான் உறிஞ்சும். கார்த்திகையில் நிலத்தடி நீரும் மேலேறி நிற்பதால், குழி அடியிலிருந்தே நிரம்பிவிடும். இங்கே பள்ளம் தோண்டிப் பயனில்லை, மேடாக்குவதே வழி. புரட்டாசிக்குள், நிலம் காய்ந்திருக்கும்போதே, எச்சம் ஊறிய மேல்மண்ணை இரண்டு மூன்று அங்குலம் வழித்துத் தென்னைக்குப் போட்டுவிட்டு, அரை அடி உயரத்துக்குக் கிராவல் (சரளை மண்) கொட்டி, தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்குங்கள். உங்கள் அளவுக்கு 120 கன அடி வேண்டும். இடித்தபின் தணியும் என்பதால் ஒன்றரை யூனிட் (150 கன அடி) வாங்குவது நல்லது. 12 அடி அகலத்தில் ஒரு பக்கம் மூன்று அங்குலம் தாழ்வாக இருக்கும்படி, கொத்தனாரின் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) கொண்டு மட்டம் பாருங்கள். தாழ்ந்த பக்கத்தில் வலைக்கு வெளியே ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி வடிகாலோடு சேர்த்துவிட வேண்டும். கிராவலின் மேல் இரண்டு அங்குலம் பருமணல் பரப்பினால் கோழிகள் கிளறவும் மண்குளியல் செய்யவும் வசதியாக இருக்கும். சிமெண்ட் தளத்தில் இவை இரண்டும் நடக்காது என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பதில் 2 (சீர்காழி)

மேலே சொன்னதை ஆமோதிக்கிறேன். வாசற்படி, தண்ணீர்த் தட்டு ஆகிய இரண்டு இடங்களும் எப்போதும் முதலில் சேறாகும். அங்கே தேங்காய் மட்டைகளைக் கவிழ்த்து நெருக்கமாகப் புதைத்தால் கால் புதையாது. தண்ணீர்த் தட்டைச் செங்கல் அடுக்கின் மேல் வையுங்கள். ஈரத்துக்குச் சுண்ணாம்பும் தூவலாம்.

பதில் 3 (கும்பகோணம்)

சுண்ணாம்பு பற்றி மட்டும் மாற்றுக் கருத்து சொல்ல வேண்டியிருக்கிறது. நீற்றிய சுண்ணாம்பு ஈரத்தோடு சேர்ந்தால் கோழிகளின் பாதத்தையும் கண்ணையும் அரிக்கும். எச்சத்தின் காரத்தன்மையையும் கூட்டுவதால் அம்மோனியா நெடி குறையாமல் அதிகமாகவே கிளம்பும். கோழிகளை வெளியேற்றிவிட்டுத் தரையைச் சுத்தம் செய்யும் காலத்தில் அதைப் பயன்படுத்தலாம். அவை நிற்கும் சேற்றில் தூவ வேண்டாம்.

உமியும் தேங்காய் நார்க்கழிவும் கூரைக்கு அடியில் ஆழ்கூளமாக (தரையில் கனமாகப் பரப்பும் படுக்கையாக) போட ஏற்றவை. திறந்தவெளியில் நார்க்கழிவு மழைநீரைக் குடித்துக்கொண்டு வாரக்கணக்கில் காயாமல் கிடக்கும். கூளத்தைக் கைநிறைய அள்ளிப் பிழிந்து பாருங்கள்: விரலைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி, உருண்டையாக நின்றால் ஈரம் மிகுதி, உடனே கிளறி உலர் உமி சேர்க்க வேண்டும்.

இது வெறும் தூய்மைப் பிரச்சினை அன்று. இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் முட்டைகள் எச்சத்தில் வெளிவந்தபின், வெதுவெதுப்பும் ஈரமும் கிடைத்தால் ஓரிரு நாளிலேயே தொற்றும் நிலையை அடைகின்றன. மூன்று முதல் ஆறு வார வயதுக் குஞ்சுகளுக்கே ஆபத்து அதிகம். மழைக்காலத்தில் குஞ்சுகளைக் கூரைக்கு வெளியே விடாதீர்கள். எச்சத்தில் இரத்தம் தென்பட்டால் அன்றே கால்நடை மருந்தகத்துக்குச் செல்லுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. இப்போதே மழை தொடங்கிவிட்டதால் கிராவல் வண்டி கொல்லைக்குள் வர இயலாது. இந்த ஆண்டுக்கு மட்டும் என்ன செய்யலாம்?

பதில் 1 (மன்னார்குடி)

ஈர நிலத்தில் கிராவல் கொட்டினால் களியோடு கலந்து வீணாகும். அடுத்த கோடைவரை பொறுத்திருங்கள். இப்போது கூரைநீரைத் திருப்புவதையும் வெளி வாய்க்காலையும் முடித்துவிட்டு, அடைப்பின் பாதியைத் தடுத்து, உயரமான பாதியில் செங்கல் உடைசல் பரப்பிப் பருமணலால் மூடி, அங்கே மட்டும் கோழிகளை விடுங்கள். உடைசலின் கூர்முனை பாதத்தைக் கிழிக்கும், கிழிந்த இடத்தில் சீழ்க்கட்டி வரும். ஆகையால் மணல் மூன்று அங்குலத்துக்குக் குறையக் கூடாது.