எய்க்கி 16 எம்எம் புரொஜெக்டருக்கு எந்த பல்ப்?

சுங்கை சிப்புட்காரன்: வணக்கம். தோட்டத்துத் திடல்ல வெள்ளை வேட்டியைத் திரையா கட்டி, அப்பா படம் ஓட்டின மெஷின் இது. திருவிழாவுக்குப் பழைய லயத்து ஆளுங்க வர்றாங்க, ஒரு ரீலாவது ஓட்டிக் காட்டணும். பல்ப் போயிடுச்சு. பழசைக் கொண்டுபோய் டவுன்ல ஒரு கடையில காட்டினேன். அதே மாதிரி கண்ணாடிக் கிண்ணம், பின்னால ரெண்டு ஊசி. சாக்கெட்ல கச்சிதமா உட்கார்ந்துச்சு. சுவிட்சைத் திருப்பினதும் பளிச்சுன்னு எரிஞ்சு கருகிடுச்சு. மெஷின் கெட்டுடுச்சா அண்ணே?

பழைய ஆப்பரேட்டர்: கருகின பல்ப்ல என்ன எழுதியிருக்கு தம்பி? விளக்குக் கதவுக்கு உள்பக்க ஸ்டிக்கர்ல என்ன இருக்கு?

சுங்கை சிப்புட்காரன்: பல்ப்ல 12 வோல்ட், 50 வாட். ஸ்டிக்கர்ல இ.எல்.சி., 24 வோல்ட், 250 வாட்.

பழைய ஆப்பரேட்டர்: அதான் விஷயம். அவங்க குடுத்தது வீட்டு சீலிங்ல போடுற பல்ப். ரெண்டுக்குமே ஊசி இடைவெளி 5.3 மில்லிமீட்டர், அதனால உள்ளே போயிடுச்சு. 24 வோல்ட்டை அந்த இழை தாங்கல. மெஷின் பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும்.

இ.எல்.சி.ங்கிறது பல்ப் வகையோட குறியீடு, அந்த மூணு எழுத்தைச் சொல்லியே கேளுங்க. எந்தக் கம்பெனி பல்ப்பா இருந்தாலும் பரவாயில்ல, எழுத்து மாறக்கூடாது. வெறும் "24 வோல்ட் 250 வாட்"னு கேட்டா இ.வி.சி.யை நீட்டினாலும் நீட்டுவாங்க. அது கிண்ணம் இல்லாத வெறும் குமிழ், ஊசி இடைவெளி 6.35. நம்ம பல்ப்ல அந்தக் கிண்ணம்தான் வெளிச்சத்தைக் குவிச்சு பிலிம் ஓடுற சின்ன சன்னலுக்குள்ள அனுப்புது. இ.எல்.சி. கிடைக்கலைன்னா 24 வோல்ட் 200 வாட் இ.ஜே.எல். மட்டும் போடலாம், படம் கொஞ்சம் மங்கும். 250 வாட்டுக்கு மேல மட்டும் போயிடாதீங்க, சூடு ஏறும்.

உள்குமிழை வெறும் விரலால தொடாதீங்க. விரல் எண்ணெய் ஒட்டின இடம் சூட்டுல வெளுத்துக் கொப்புளிக்கும்.

பாகான் செராய் தம்பி: படம் வந்து சத்தம் வரலைன்னா எக்சைட்டர் பல்பைப் பாருங்கண்ணே. பிலிம் ஓரத்து ஒலிக்கோட்டைப் படிக்கிறது அதுதான். அது தனி பல்ப்.

சுங்கை சிப்புட்காரன்: இ.எல்.சி. ரெண்டு வாங்கிட்டேன், ஒண்ணு ஸ்பேர். நேத்து ராத்திரி சுவத்துல வெளிச்சம் விழுந்துச்சு. மோட்டார் சத்தம் கேட்டு அம்மா அடுப்படியில இருந்து வந்து, கையைக்கூடத் துடைக்காம நின்னு பார்த்தாங்க. பேச்சு மட்டும் வரல. எக்சைட்டரைக் கழட்டிப் பார்த்தேன், இழை அறுந்திருக்கு. மேல 4 வோல்ட், 0.75 ஆம்பியர்னு இருக்கு. இதுக்கும் எழுத்து உண்டா அண்ணே?

பழைய ஆப்பரேட்டர்: உண்டு தம்பி. அடிப்பாகத்தை ஒரு படம் எடுத்துப் போடுங்க, பார்த்துச் சொல்றேன்.